முகாந்திரம் தங்கம்மை

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

கருங்கல் ஊரில் சந்தை கூடிய ஒரு நாள் காலையில், ஒரு பெண்மணி என் மேசைமீது துணி முடிச்சு ஒன்றை வைத்து, "எழுத்தய்யா, எனக்க வீட்டெ விக்கப் போறாங்களாம். எனக்குத் தெரியாம விக்க முடியுமா?" என்று கேட்டார். அவர் பெயர் தங்கம்மை. அந்தக் கேள்விக்குரிய விடை எனக்கு உடனே தெரிந்தது; ஆனால் அதைச் சொல்ல எனக்கு வெகு நேரம் பிடித்தது. வீட்டுரிமை, வரி ஆகியவை பற்றி இளையோர் அறிந்துகொள்ள வேண்டியவற்றுள் பெரும்பகுதி அந்த ஒரு வழக்கில் அடங்கியிருப்பதால், அதனை விரிவாக எழுதுகிறேன்.

1. தகரத் தகடு

நான் ஆதாரம் எழுதும் தொழில் செய்தவன். பத்திரம் என்று பிற இடங்களில் வழங்குவதை எங்கள் பக்கம் ஆதாரம் என்பார்கள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஓர் ஓலைச் சாய்ப்பின் கீழ் எனக்கு மேசையும் ஒரு பெஞ்சும் இருந்தன. திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே இராச்சியமாக இருந்த காலம் அது. சென்னை இராச்சியத்தோடு நாங்கள் இன்னும் சேரவில்லை. மக்கள் பேசியது தமிழ்; அரசாங்கம் எழுதியது மலையாளம். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பதே எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு.

நிலத்துக்குரிய வரியைக் கரம் என்போம். அதைக் கட்டும் இடம் பகுதிக் கச்சேரி, அதாவது கிராமத்து வரி அலுவலகம். வீட்டுக்கு வேறொரு வரி உண்டு. அதைப் பஞ்சாயத்தார் வசூலித்தார்கள். அவர்கள் கதவு நிலையில் எண் பொறித்த தகரத் தகட்டை அறைந்துவிட்டுப் போனபோது, அதுவே உரிமைச் சின்னம் என்று பலர் நம்பினார்கள். பாகம் பிரிந்த இரு சகோதரர்களில் இளையவர், தம் பங்கு குறைந்துபோனதாகக் கருதி, அந்தத் தகட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தமது மாட்டுத் தொழுவத்தில் அறைந்துவிட்டார். மூத்தவர் என்னிடம் ஓடி வந்தார்.

"எழுத்தய்யா, வீடு போச்சுவே!"

"வீடு எங்க போச்சு? நின்ன இடத்துலதானே நிக்குது?"

"வீடு நிக்குது. நம்பரு தொழுவத்துக்குப் போயிட்டே!"

"அப்பம் அடுத்த வருசம் வரி கேக்க வாறவன் மாட்டுக்கிட்டே கேக்கட்டும். நீரு போயி கஞ்சியக் குடியும்."

சிரிப்பதற்குரிய செய்திதான். எனினும் அதே நம்பிக்கை, சற்றே வேறு உருவில், தங்கம்மையின் வாழ்வைத் தொட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2. கச்சேரியில் கேட்ட சொல்

தங்கம்மை மணமான சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்து தகப்பனார் வீட்டுக்குத் திரும்பியவர். குழந்தைகள் இல்லை. தகப்பனார் அய்யாக்குட்டி பின்னர் காலமானார். ஒரே அண்ணன் செல்லப்பன், மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தார், குடும்பமும் அங்கேதான். ஆகவே ஓட்டு வீடும், அதைச் சுற்றிய தென்னை விளையும், அதாவது தோப்பும், தங்கம்மையின் பொறுப்பில் நின்றன. கயிறு திரித்தும் ஆடு வளர்த்தும் அவர் பிழைத்தார். ஆண்டுதோறும் தாமே நடந்து சென்று கரம் கட்டினார். திருவிதாங்கூர்க் காசான சக்கரம் வழங்கிய நாளிலும் கட்டினார். சக்கரம் போய் அணா வந்த பின்னும் கட்டினார்.

அந்த ரசீதுகள்தாம் முடிச்சில் இருந்தன. அவருக்கு மலையாள எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் ரசீது தரும்போது கச்சேரி குமாஸ்தா அதை உரக்க வாசித்துக் கொடுப்பது வழக்கம்: "பட்டாதார் அய்யாக்குட்டி, முகாந்திரம் தங்கம்மை." தகப்பனார் பெயரிலேயே பட்டா கிடந்தது, யாரும் மாற்றவில்லை. தங்கம்மையின் காதில் விழுந்தது பின் பாதிதான்.

தமிழில் முகாந்திரம் என்றால் காரணம், நியாயமான அடிப்படை. முகாந்திரம் இல்லாமல் ஒருவன் ஒன்றைக் கேட்கலாகாது என்போம். அரசாங்கமே ஆண்டுதோறும் முகாந்திரம் தங்கம்மை என்று வாசித்துக் கொடுக்கையில், அந்த வீட்டுக்குரிய நியாயம் தம்மிடம் இருப்பதாக அவர் கொண்டதில் வியப்பில்லை.

நான் ரசீதுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"தங்கம்மை, இதுல போட்டிருக்க முகாந்திரம் நம்ம தமிழ் முகாந்திரம் இல்ல. மலையாளத்துல அதுக்கு வேற அர்த்தம். மூலமாண்ணு அர்த்தம். அய்யாக்குட்டிக்க கரம், தங்கம்மை வழியாக் கெட்டினது. அவ்வளவுதான்."

"வழியாவா?"

"வழியாத்தான்."

"அப்பம் இத்தன வருசமும் நான் வழிதானா? வீடு இல்லியா?"

உள்ள முறையை அவரிடம் எடுத்துச் சொன்னேன். மகன் இருக்கையில் மகளுக்குப் பங்கில்லை என்பதே அப்போது எங்கள் பக்கத்து மக்கள்வழி இந்துக் குடும்பங்களில் நடந்த முறை. தாய்வழியில் சொத்து இறங்கும் மருமக்கள் வழிக் குடும்பங்களின் கணக்கு வேறு. பிற்பாடு சட்டம் மாறிற்று. ஆனால் அன்றைக்கு அய்யாக்குட்டியின் வீடு செல்லப்பனுக்கே உரியது. அண்ணன் இசைவோடு குடியிருந்தவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அது அவர் உரிமை ஆகாது. கரம் கட்டிய ரசீது, கரம் கட்டப்பட்டது என்பதற்குச் சாட்சி. வீடு யாருடையது என்பதற்குச் சாட்சி அன்று.

இருந்தும் ஒரு வழி இருந்ததை நான் மறைக்கவில்லை. இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்குப் பட்டாவை மாற்றுவதற்குப் போக்குவரவு என்று பெயர். அதற்கு மனுக் கொடுத்தால் கச்சேரியில் விளம்பரம் ஒட்டுவார்கள். ஆட்சேபம் கொடுத்து, வக்கீல் வைத்து, சில ஆண்டுகள் இழுக்கலாம்.

"இழுத்தா ஜெயிக்குமா?"

"ஜெயிக்காது. நாளு போவும்."

"ஜெயிக்காத கேசுக்கு அண்ணன்கூட நான் எதுக்கு மல்லுக்கு நிக்கணும்? ஆனா ஒண்ணு, எழுத்தய்யா. எனக்கு ஒரு மூலை தாண்ணு அவன்கிட்டே நான் கேக்கமாட்டேன். நீரும் கேக்கப்பிடாது."

"நான் கேக்கல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

இந்த வாக்குறுதியால் பின்னர் எனக்கு ஏற்பட்ட சங்கடம் சிறிதன்று.

3. மலையிலிருந்து வந்த அண்ணன்

செல்லப்பன், கம்பளிக் கோட்டும் கையில் குடையுமாக, வேலாயுதம் என்ற கொப்பரை வியாபாரியை உடன் அழைத்துக்கொண்டு வந்தார். வாங்குபவர் வேலாயுதம்தான். தென்னை விளையைப் பார்த்தே அவர் ஆசைப்பட்டிருந்தார். வீட்டை இடித்து அவ்விடத்தில் கொப்பரை உலர்த்தக் களம் போடுவது அவர் எண்ணம்.

"வே எழுத்துகாரரே, நல்ல நாளு பாத்து எழுதிப்போடும்," என்றார் செல்லப்பன்.

"எழுதலாம். முதல்ல போக்குவரவு செய்யணும். பட்டா இன்னும் உம்ம அப்பனுக்க பேருலே கிடக்கு."

"போக்குவரவா? நான் மலைக்கும் இஞ்சைக்கும் போக்குவரவு செஞ்சே காலு தேஞ்சு போச்சு. இதுல அரசாங்கத்துக்கும் ஒரு போக்குவரவா?"

வேலாயுதம் சிரித்தார். "அண்ணாச்சி, செத்தவர் கையொப்பம் போட வரமாட்டாரு. அதுக்காச்சுட்டி உயிரோட இருக்கவன் பேருக்கு மாத்தணும். அதுக்குத்தான் அந்தப் பேரு."

"பழைய ரசீது எல்லாம் வேணும்," என்றேன். "ஒரு வருசம் விட்டுப் போயிருந்தாலும் ஜப்தி நோட்டீசு வந்திருக்கும். அதப் பாக்காம நான் எழுதமாட்டேன்."

"அது தங்கம்மைகிட்டெ கெடக்கும். அவளுக்கு நான் ஒரு ஏற்பாடு செஞ்சிருக்கேன். என்கூட மலைக்கு வரட்டும். லயத்துல ஒரு ஓரமா படுத்துக்கிடலாம்."

லயம் என்பது எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. செல்லப்பன் கொடியவர் அல்லர். தங்கைக்குச் சோறு போடத் தயாராகத்தான் இருந்தார். அவருடைய பார்வையில் வீடு என்பது தாம் விட்டுப் போன இடம். அது இத்தனை ஆண்டு எவ்வாறு நின்றது என்பதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

4. உரக்க வாசித்தது

மறு சந்தைக்கு மூவரும் வந்தனர். தங்கம்மை முடிச்சை மேசைமீது போட்டுவிட்டு, சாய்ப்பின் தூணருகே நின்றுகொண்டார்.

"இன்னா, எடுத்துக்கோ. எல்லாம் உனக்க அப்பனுக்க பேருதான்," என்றார்.

"ஏட்டி, உனக்கும் அப்பன்தானே?" என்றார் செல்லப்பன்.

"செத்த வீட்டுல அழுததுக்கு அப்பன். வீட்டுக்கு இல்லியாம். எழுத்தய்யா சொல்லியாச்சு."

வேலாயுதம் தம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ரசீதுகளை ஆண்டு வாரியாக அடுக்கினேன். எந்த ஆண்டும் விடுபடவில்லை என்று விற்பவரும் வாங்குபவரும் காதாரக் கேட்க வேண்டுமாகையால், ஒவ்வொன்றையும் உரக்க வாசிப்பது என் வழக்கம். அன்றும் அவ்வாறே செய்தேன்.

"பட்டாதார் அய்யாக்குட்டி, முகாந்திரம் தங்கம்மை."

அடுத்தது. "பட்டாதார் அய்யாக்குட்டி, முகாந்திரம் தங்கம்மை."

அதற்கடுத்ததும் அதுவே. சில ரசீதுகளுக்குப் பின், வேலாயுதத்திடம் தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்த செல்லப்பன் பேச்சை நிறுத்தினார். மேலும் சிலவற்றுக்குப் பின் கையை உயர்த்தினார்.

"நில்லும்வே. அந்தப் பெருவெள்ளம் வந்த வருசம்? வெளையே முங்கிக் கெடந்துதுண்ணு அங்க சொல்லக் கேட்டேன். அதுவும் கெட்டியிருக்கா?"

நான் தேடி எடுத்தேன். "கெட்டியிருக்கு. முகாந்திரம் தங்கம்மை."

"எதுல கெட்டினே, ஏட்டி?"

தங்கம்மை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சென ஆட்ட வித்தேன்."

"எனக்கு ஒரு எழுத்துப் போட்டிருக்கப்பிடாதா?"

"போட்டேன். நீ பதில் போடல்ல."

செல்லப்பன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்து வெயிலில் அந்தக் கோட்டை அவர் அதுவரை கழற்றியதே இல்லை. என் நிலை இக்கட்டானது. ஒரு சொல் கூறலாமென்று வாய் வரை வந்தது. ஆனால் தங்கம்மைக்குச் செய்து கொடுத்த சத்தியம் தடுத்தது. ஆகவே மீதியை வாசித்து முடித்து, "எல்லாம் சரியா இருக்கு. ஒரு வருசமும் விட்டுப் போகல்ல," என்று மட்டும் சொன்னேன்.

"ஒண்ணு விட்டிருந்தா?" என்றார் செல்லப்பன்.

"ஜப்தியில போயிருக்கும். இண்ணைக்கு விக்கதுக்கு உம்ம கையில ஒண்ணும் இருக்காது."

அவர் வேலாயுதத்தை நோக்கித் திரும்பினார். "உமக்குத் தென்னைதானே வேணும்? மேக்குப் பாதியை எடுத்துக்கிடும். வீடும் கெழக்குப் பாதியும் விக்கதுக்கு இல்ல."

"அண்ணாச்சி, பேசினது மொத்தமால்லா?"

"பேசினேன். இப்பம் மாத்திப் பேசுதேன். பிடிச்சா எடும், இல்லேண்ணா விடும்."

வேலாயுதம் முணுமுணுத்தார், ஆனால் மேற்குப் பாதியில்தான் காய்ப்பு மிகுதி என்பது அவருக்குத் தெரியும். ஒப்புக்கொண்டார்.

"வீடும் கெழக்குப் பாதியும் தங்கம்மைக்கு," என்றார் செல்லப்பன். "அதுக்கு என்ன எழுதணுமோ எழுதும்."

விலை வாங்காமல் கொடுப்பதை இஷ்டதானம் என்போம். போக்குவரவு முடிந்த பின்னரே இரண்டையும் பதிய இயலும் என்பதை விளக்கி, அன்றைக்கு வரைவு மட்டும் தயாரிக்கத் தொடங்கினேன். இஷ்டதானத்தில் கொடுப்பதற்குரிய காரணத்தை ஒரு வரி எழுதுவது மரபு. பேனாவை மையில் தோய்த்துவிட்டு வழக்கம்போலக் கேட்டேன்.

"என்ன முகாந்திரம் எழுதட்டும்? சகோதர பாசம்ணு போடட்டா?"

"பாசமா? பதில் எழுத்துப் போடாதவனுக்கு என்னவே பாசம்? பொய்ய எழுதாதேயும்." அவர் ரசீது அடுக்கின்மேல் விரலை ஊன்றினார். "வருசா வருசம் கச்சேரியிலேயே எழுதி வச்சிருக்காங்களே. முகாந்திரம் தங்கம்மை. அத அப்படியே எழுதும்."

அவ்வாறே எழுதினேன். மலையாளத்தில் வாசித்தாலும் தமிழில் வாசித்தாலும் அந்த வரியில் பிழையில்லை.

5. கோடு

எல்லாம் பதிவாகிப் பட்டாவும் மாறிய பின், தங்கம்மை தம் பெயரில் முதல் கரம் கட்டிவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"எழுத்தய்யா, தப்பு நடந்து போச்சு. பட்டாதார் தங்கம்மைண்ணு வாசிச்சான். பெறவு நிறுத்திப்போட்டான். முகாந்திரத்தெ வாசிக்கல்ல."

ரசீதை வாங்கிப் பார்த்தேன். முகாந்திரம் என்ற சொல்லுக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

"தப்பு இல்ல, அம்மா. உனக்க கரத்தெ நீயே நேருல கெட்டியிருக்கே. இனி உனக்கு முகாந்திரம் வேண்டாம்."

அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ரசீதை முடிச்சில் வைத்துக்கொண்டு சென்றார்.

இந்த அனுபவத்தால் நான் கற்றவை இரண்டே. வீட்டுக்குரியவர் காலமானால், துக்கம் ஆறிய உடனே போக்குவரவு செய்துகொள்க. இறந்தவர் பெயரில் பட்டாவைத் தூங்கவிடாதீர். கரம் கட்டிய ரசீது உரிமை தராது. ஆயினும் அதை ஒருபோதும் எறியாதீர். வீட்டைக் காத்தவர் யார் என்பதை அது வேறு எவரையும்விட உண்மையாகச் சொல்லும்.

எனக்குக் கண்பார்வை குன்றி வருவதால் இதை இனி மறுபடி எழுத இயலாது. ஆகவே ஐயா, அல்லது அம்மையீர், இந்தத் தாள்களை உங்கள் வீட்டுக் கர ரசீதுகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.