ஆர்லோவுக்குச் சும்மா வந்த பென்ஷன்

ஆர்லோ ப்ரோகோப்பைப் பற்றி வேறு யாராவது எழுதினால் நல்லபடியாக எழுதுவார்கள். எனக்கு அவனை நினைத்தாலே வயிறு எரிகிறது. ஆனால் அவனை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் மிச்சமில்லை. அதனால் லைல் என்கிற நானே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில், காகித ஆலையின் நாற்றத்தில் வளர்ந்தவர்கள். ஒரே கோடையில் ராணுவத்துக்குப் போனோம். என்னை வியட்நாமுக்கு அனுப்பினார்கள். அவனைக் கன்சாஸில் ஒரு முகாமின் சமையற்கட்டில் விட்டார்கள். உருளைக்கிழங்கு உரித்துவிட்டு, மேலே ஒரு கீறல் இல்லாமல் ஊர் திரும்பினான். நான் ஆலையில் சேர்ந்து, முதுகு வளையும்வரை உழைத்தேன். அவன் எதிலும் நிலைக்கவில்லை. கோடையில் கூரை வேலை. வேட்டைக் காலத்தில் மற்றவர்கள் சுட்ட மானை அறுத்துக் கொடுப்பான். பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பான். கையில் நாலு காசு சேர்ந்தால் யாருக்காவது பீர் வாங்கிக் கொடுத்துத் தீர்த்துவிடுவான்.

வயதானபின் அவனுக்கு அடித்தது யோகம். போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்துவிட்டு, கடைசிக் காலத்தில் வருமானம் இல்லாமல் இருப்பவர்களுக்கு அரசாங்கம் ஒரு பென்ஷன் தருகிறது. போர்க்களத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை, ஏழையாக இருந்தால் போதும். வேறு வழியில் ஒரு டாலர் வந்தால் இதில் ஒரு டாலரைப் பிடித்துக்கொள்வார்கள். என் ஆலைப் பென்ஷன் அவர்கள் வரம்பைத் தாண்டிவிட்டது என்று எனக்குக் கையை விரித்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு உரித்தவனுக்கு மாதாமாதம் பணம் வருகிறது. உழைத்தவனுக்கு ஒன்றுமில்லை. பொறாமைப்படாமல் இருக்க நான் என்ன பாதிரியாரா?

"சும்மா வர்ற காசு, அனுபவிடா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வேன். அவன் பல்லைக் காட்டுவான்.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் படைவீரர் மன்றத்தில் மீன் வறுவல் நடக்கும், அதற்குப் பிறகு கறிக் குலுக்கல். ஒரு டாலருக்கு ஒரு சீட்டு. எண் விழுந்தால் ஒரு தட்டு இறைச்சி. அங்கே வரும் கிழவர்களில் பாதிப் பேருக்கு ஆர்லோவுக்கு வரும் அதே பென்ஷன்தான். அவர்கள் சாவுக்குப் பயப்பட மாட்டார்கள், வருமானம் கூடிவிடுமோ என்றுதான் பயப்படுவார்கள். உயிலில் தன் பெயரை எழுதிவிடாதே என்று சொந்த அண்ணனிடம் கெஞ்சியவரை எனக்குத் தெரியும். கல்யாணம் பண்ணினால் மனைவியின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள் என்பதால், மனதுக்குப் பிடித்தவர்கள்கூட இரண்டு வீடு வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் சாப்பிடுவார்கள். ஊரில் யாரும் அதைத் தப்பாகப் பேசுவதில்லை.

வெர்னா ஹாஸ் மட்டும் அதற்கு ஒப்பவில்லை. அவள் ஓய்வு பெற்ற டீச்சர், கணவனை இழந்தவள், லூத்தரன் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவள். என் மனைவி போனபிறகு வாரம் முழுக்க நான் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தது அவளுக்காகத்தான். அவளோ ஆர்லோ பக்கத்தில் போய் உட்காருவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை குலுக்கலில் ஆர்லோவுக்குப் பன்றிக்கறித் தட்டு விழுந்தது. அதை அப்படியே வெர்னாவிடம் நீட்டினான்.

"நீ சமை. நான் பாத்திரம் தேய்க்கிறேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் பக்கம் ஒரு நாளும் திரும்பியதில்லை.

"பாத்துடா, அந்தக் கறியையும் வருமானத்துல சேத்துருவாங்க" என்றேன்.

"சேக்கட்டும். எலும்ப அனுப்பி வைக்கிறேன்."

"அது இருக்கட்டும். நீங்களும் ரெண்டு வீடு வச்சுக்கப் போறீங்களா?"

வெர்னாதான் பதில் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிச்சுட்டு, திங்கக்கிழமை இவன் வீட்டுப் பின்வாசல் வழியா நான் வரமாட்டேன் லைல். கல்யாணம்னா கல்யாணம். இல்லன்னா இல்ல."

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. "கல்யாணம் பண்ணா உன் டீச்சர் பென்ஷனையும் இவன் வருமானமாத்தான் பாப்பாங்க. இவனோடது முழுசாப் போயிரும். தெரியுமாடா ஆர்லோ?"

அவன் கையில் முள்கரண்டி நின்றது. "முழுசாவா?"

"முழுசா. அப்புறம் உன் டிரக்குக்குப் பெட்ரோல் போடக்கூட அவகிட்டதான் கையேந்தணும்."

சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லும்போது எனக்கு இனித்தது. ஆர்லோ பாதி மீனைத் தட்டில் விட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். வெர்னா அவன் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"என் ஆலைப் பென்ஷன்ல எவனும் கை வைக்க முடியாது வெர்னா. நாளைக்கே கல்யாணம் பண்ணாலும் ஒரு சென்ட் குறையாது."

"தெரியும் லைல்" என்றாள். "வாரா வாரம் சொல்றியே."

அவளும் ஆர்லோவும் சேர்ந்து உள்ளே வந்தது அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. அவன் கழுத்தில் டை, அவள் விரலில் மெல்லிய மோதிரம். காலையில் நீதிமன்றத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டார்களாம். மன்றமே எழுந்து கை தட்டியது. நானும் தட்டினேன், வேறென்ன செய்ய?

"எங்கடா போயிருந்தே ரெண்டு வாரமா?"

"பக்கத்து ஊர் கறிக்கடையில வேலை கேட்டுப் போனேன். அறுக்கிறதுக்கு ஆள் இல்லையாம். வாரத்துல நாலு நாள். நீ சொன்னியே பெட்ரோலு, அதுக்கு ஆச்சு."

அன்றைக்கென்று என் எண் விழுந்தது. மன்றத்துக்குக் கறி வருவதும் அந்தக் கடையிலிருந்துதான். தட்டை ஆர்லோவே கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"நான் அறுத்ததுடா. கொழுப்ப எடுத்துட்டேன், உன் நெஞ்சுக்கு ஆகாது."

என்னால் பொறுக்க முடியவில்லை. "பைத்தியமாடா நீ? சாகறவரைக்கும் வர்ற பென்ஷன விட்டுட்டு இந்த வயசுல கத்தி புடிக்கிறே?"

"அது சும்மா வந்ததுதானடா" என்றான். "நீதான் சொல்லுவியே."

சொல்லிவிட்டு வெர்னாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் தன் தட்டிலிருந்து மீன் துண்டு ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

இந்த மாதமும் என் ஆலைப் பென்ஷன் ஒரு சென்ட் குறையாமல் வந்தது. அந்தக் கறி இன்னும் ஃப்ரீசரில்தான் கிடக்கிறது. ஒரு ஆளுக்காக எடுத்துச் சமைக்க அலுப்பாக இருக்கிறது.