ஒனிஹங்கா ரயிலில் ஒரு பெலாஸ்கியர்

ஆக்லாந்தில், ஒனிஹங்கா ரயிலில் என் எதிரே அமர்ந்தவர், கோடையிலும் கம்பளித் தொப்பி அணிந்திருந்தார். "எங்கட ஊர்க் காய்" என்று எல்லோருக்கும் ஆலிவ் நீட்டினார். புட்டியில் ஆக்லாந்திலேயே உள்ள நியூ லின் கடையின் விலைச்சீட்டு.

நம் வழக்கப்படி, "எந்த ஊருங்க?" என்றேன்.

"நான் பெலாஸ்கியன். கிரேக்கருக்கு முந்தி கிரேக்கத்தில இருந்த சனம்."

நான் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியன். "அவங்க யாருன்னே யாருக்கும் தெரியாதுங்க!"

"ஓம். அப்ப நான் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுவியள்?"

பெட்டியே சிரித்தது. தோற்க மனமில்லாமல், "அது சரி, யாழ்ப்பாணத்துல எந்தப் பக்கம்? நீங்க என்ன ஆளுங்க?" என்றேன்.

புட்டியை மூடினார். அடுத்த நிலையத்தில் இறங்கினார். பிறகு அவரைப் பார்க்கவே இல்லை.

ஊரும் சாதியும் விசாரிக்க ஆளில்லாத ஓர் இனத்தைத் தேடிப்பிடித்துக் குடியேறியிருந்தார். அங்கேயும் போய்க் கதவைத் தட்டியவன் நான்.