அம்சாலே ஒதுக்கிய கல்

எங்கள் தெஸ்ஸி ஊரில் ஓப்பல் கல் வைத்த வெள்ளி மோதிரம் வேண்டுமென்றால் அம்சாலேயிடம்தான் போவோம். எதிர்க்கடையில் பெலாய்நெஷ் வந்து உட்காரும்வரை அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமைச் சந்தைக்கு டெலாந்தா மலையிலிருந்து செய்த் கற்களைக் கொண்டுவருவான். முட்டை முதுகுபோல் வழவழவென்று தீட்டிய கற்களைக் கறுப்புத் துணியில் பரப்புவான். முதலில் பொறுக்குவது எப்போதும் அம்சாலே. அன்றைக்கும் பளிச்சென்று கண்ணைப் பறித்தவற்றை அள்ளிக்கொண்டாள். மங்கலான தேன்நிறக் கல் ஒன்றை மட்டும் விரலால் ஒதுக்கினாள்.

அடுத்து வந்த பெலாய்நெஷ் அதை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தாள். உள்ளே பச்சைத் தீ ஒன்று புரண்டு, ஊதாவாக ஓடி, ஓரத்தில் சிவந்தது.

"செய்த் அண்ணே, இது எனக்கு."

"அம்சாலே வேணாம்னு தள்ளினதும்மா அது."

"அவங்க தள்ளினா எனக்கென்ன?"

அம்சாலே அள்ளிய கற்கள் அவள் கைக்குள்ளேயே சப்பென்று ஆகிவிட்டன.

அந்தக் கல்லை வைத்துச் செய்த மோதிரத்தைத் தானியக் கடைக்காரர் மனைவி யெஷி, மகள் கல்யாணத்துக்கு வாங்கினாள். யார் வீட்டில் காபி வறுத்தாலும் அதே பேச்சு. அம்சாலேக்கு வயிறு எரிந்தது. பெலாய்நெஷ் சிரித்தால் பிடிக்கவில்லை; அவள் தோளில் வெள்ளைத் துணியைப் போர்த்தும் விதம்கூடப் பிடிக்கவில்லை.

கல்யாணம் நெருங்கிய வாரம் யெஷி அம்சாலேயின் கடை ஏறினாள்.

"அம்சாலே, இது பொண்ணு விரல்ல நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் இறுக்கிக் குடு. பெலாய்நெஷ் ஊர்ல இல்ல."

வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அதோடு மோதிரத்தை எடுத்து வைத்திருக்கலாம். அம்சாலே கல்லைச் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி சாய்த்தாள். தன் விரலுக்குக் கீழேதானே இது கிடந்தது!

எங்கள் மலை ஓப்பல் தண்ணீர் குடிக்கும். ஊறினால் நிறமெல்லாம் போய்க் கண்ணாடிபோல் ஆகிவிடும். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும்; வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. அம்சாலே மோதிரத்தை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள். மறுநாள் துடைத்துக் கொடுத்தாள்.

"ஐயய்யோ, என்னடி இது? வெறும் கண்ணாடியா இருக்கு!"

"என்னையா கேக்கறீங்க? வித்தவளைப் போய்க் கேளுங்க."

பெலாய்நெஷ் ஊர் திரும்பியதும் தெருவே கேட்க யெஷி கத்தினாள். அம்சாலே தன் கடைக்குள்ளிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கல்லு தண்ணி குடிச்சிருக்கு. காஞ்சா நிறம் திரும்பிடும்."

"கல்லு தண்ணி குடிக்குமா? அப்புறம் இன்ஜெரா ரொட்டியும் சாப்பிடுமா? கல்யாணத்துக்குள்ள திரும்புமா, சொல்லு!"

"திரும்பலாம். உறுதியா சொல்ல முடியாது." பெலாய்நெஷ் பெட்டியைத் திறந்து வேறொரு மோதிரத்தை நீட்டினாள். "இதை வெச்சுக்கங்க. அதை என்கிட்ட குடுத்துடுங்க."

சண்டை அவ்வளவுதான். அம்சாலேக்கு ஏமாற்றமாக இருந்தது.

கல்யாணத்தில் பெண்ணின் விரலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் பெலாய்நெஷ் கைவேலையைப் பாராட்டினார்கள். பந்தியில் அந்தப் பெலாய்நெஷே வந்து அம்சாலேயோடு ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். இன்ஜெராவைக் கிள்ளிய அவள் விரலில் தேன்நிறக் கல், போன நிறமெல்லாம் திரும்பி, புரண்டு புரண்டு எரிந்தது.

"என்னக்கா, சாப்பிடலையா? பாருங்க, உங்க வீட்டுத் தண்ணி இதுக்கு நல்லா ஒத்துக்கிச்சு."

அம்சாலே அவள் பக்கம் குனிந்தாள். "யார்கிட்டயும் சொல்லலையா நீ?"

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா எல்லாரும் உங்களைப் பாப்பாங்க. இப்ப என் கல்லைப் பாக்கறாங்க."

இவளுடைய மௌனத்துக்கா கடன்பட்டிருப்பது? அம்சாலே எழுந்து, குழம்புக் கரண்டியோடு நின்ற யெஷியிடம் நேராகப் போனாள்.

"அக்கா, அந்த மோதிரத்தைத் தண்ணியில ஊறப்போட்டது நான்தான்."

யெஷி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என் பொண்ணு கல்யாணத்துலயா உன் வயித்தெரிச்சலைக் கொட்டின? இனி என் வாசப்படி மிதிக்காத."

அந்த வீட்டாரும் அவர்கள் சொந்தக்காரர்களும் அம்சாலே கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அந்த வருஷம் அவள் அடுப்பு மூட்டியதெல்லாம் உடைந்த பழைய வளையல்களைப் பற்றவைக்கத்தான்.

பொறாமை போனதா என்றால், போகவில்லை. மறைப்பதை மட்டும் விட்டுவிட்டாள். சந்தை முடிந்ததும் தெருவைக் கடந்து எதிர்க்கடை வாசலில் நிற்பாள்.

"இன்னிக்கு என்னடி எடுத்த? காட்டு."

பெலாய்நெஷ் உள்ளங்கையை விரிப்பாள். அம்சாலே வெகுநேரம் பார்ப்பாள்.

"எரியுதுடி எனக்கு."

"எரியட்டும்க்கா, நல்லா எரியட்டும். வெளிச்சத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க."