ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

அவருடைய பெயரை அலுவலகத்தில் யாரும் சொன்னதில்லை. கட்டைவிரல் என்றால்தான் தெரியும். மோட்டார் வண்டிகளைப் பதிவு செய்யும் அறைக்கு அவர் ஒருவர்தான் எழுத்தர். வண்டி வந்து நின்றதும் பின்பக்கம் போய்க் குனிவார். வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டு நம்பர் பலகைமேல் அழுத்தித் தேய்ப்பார். சாயம் விரலில் ஒட்டினால் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அந்தச் சந்தேகம் சும்மா வந்ததல்ல. வண்டிக்கு எண் வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட புதிது. எண்ணைத்தான் கொடுத்தார்கள், பலகையைக் கொடுக்கவில்லை. துண்டுச்சீட்டில் எண்ணை எழுதி நீட்டுவார்கள். பலகையை வண்டிக்காரரே செய்து மாட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் மரத்தில் செய்தார், ஒருவர் தகரத்தில், இன்னொருவர் பழைய பெட்டியின் தோலில். சிலர் சாக்கட்டியால் எழுதிக்கொண்டு வந்து, தெருமுனை திரும்பியதும் துடைத்துவிட்டுப் பறந்தார்கள்.

பதிவேட்டின் பக்கங்களுக்குக்கூட அவர் முதல் நாளே ஒன்றிலிருந்து இருநூறு வரை மையால் எண் போட்டுவிட்டார்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டார் பியூன்.

"என்னைக்காவது ஒருத்தன் கிழிப்பான்."

வீட்டிலும் அப்படித்தான். "கல்யாணத்தன்னைக்கே என் கன்னத்தைத் தேய்ச்சுப் பாத்திருப்பாரு. எங்கப்பா பக்கத்துல நின்னாரு, தப்பிச்சேன்" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

முதல் எண்ணை மில் முதலாளி வாங்கிக்கொண்டார். ஏழு வரை தடையில்லாமல் போயிற்று. எட்டு வந்தபோது வக்கீல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அது ராசியில்லாத நம்பராச்சே." அடுத்து வந்தவர் டாக்டர். மனித உடம்பை அறுத்துப் பார்த்துப் படித்தவர். அவரும் ஒன்பதுதான் வேண்டும் என்றார். எட்டு செய்த குற்றம் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே பிறந்தது. அதைத் தவிர அதன்மேல் யாரும் எதையும் நிரூபித்ததில்லை.

பதிவேட்டில் எட்டாவது வரி ஆறு மாதம் காலியாகக் கிடந்தது. பிறகு பழைய வண்டி ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்ட வந்த ஓட்டுநர் தலையில் மேலதிகாரி அதைக் கட்டினார். படித்தவர்களுக்கு ஆகாத எண் உழைப்பவனுக்கு மட்டும் ஆகுமாம்.

"வண்டி பெட்ரோல்லதானே சார் ஓடுது. நம்பர்லயா ஓடுது?" என்று ஓட்டுநர் சீட்டை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் பெயரே எட்டு.

இரண்டு வருடத்தில் ஊரில் நாற்பத்தொரு வண்டிகள் ஆயின. வந்த புகார்கள் இருபத்துமூன்று. அதில் பதினான்கு எட்டின்மேல். கட்டைவிரல் முதலில் எட்டைத்தான் சந்தேகப்பட்டார். அந்தப் பலகையை மட்டும் இரண்டு தடவை தேய்ப்பார். ஆனால் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் வாசலில் குதிரையை மிரட்டியதும் எட்டு, அதே ஒன்பது மணிக்கு ஊரின் மறுகோடியில் காய்கறி வண்டியைக் கவிழ்த்ததும் எட்டு என்று இரண்டு புகார்கள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அதன்பின் அவருடைய சந்தேகம் புகார் சொல்பவர்கள் பக்கம் திரும்பியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மில் ரோட்டு வளைவில் பால்காரம்மாவை ஒரு வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போயிற்று. கால் முறிந்துவிட்டது. இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள்: எட்டாம் நம்பர். வெள்ளிக்கிழமை விசாரணை, அன்றே லைசென்ஸ் ரத்து என்று மேலதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

புதன்கிழமை எட்டு வந்து மேசை முன்னால் நின்றார்.

"சார், திங்கக்கிழமை என் பலகையைக் கழட்டி வாங்கினது நீங்கதானே. சாயம் ஒட்டுதுன்னு."

"ஆமா. பலகை இல்லாமலே ஓட்டியிருப்ப."

"ஓட்டினேன்னே வெச்சுக்குங்க. அப்ப எட்டுன்னு எதைப் பாத்துப் படிச்சாங்க?"

பலகை கட்டைவிரலின் இழுப்பறையிலேயே கிடந்தது. கழற்றிய பலகையைப் பதிவேட்டில் எழுதி மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். எழுதினால் அவர் அதையே சாக்காக வைத்து இந்த மனிதனைத் தொலைத்துவிடுவார் என்று எழுதாமல் விட்டிருந்தார். யாரையும் நம்பாதவர் செய்த ஒரே இரக்கம், அதுவும் விதிமீறல்.

"லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாது சார்" என்றார் எட்டு. குரல் உயரவில்லை.

வீட்டில் மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "இழுப்பறையில இருந்தா இருந்துட்டுப் போகட்டும். உங்களை யாருங்க கேட்டா?"

"யாருமே கேக்கல. அதான் சந்தேகமா இருக்கு."

வெள்ளிக்கிழமை மேலதிகாரி அறையில் மில் முதலாளியும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர் நலனில் அக்கறையாம். இத்தனை நாள் எந்தப் புகாருக்கும் வராத அக்கறை. பால்காரம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள்.

கட்டைவிரல் பதிவேட்டுடன் எழுந்தார். "சாட்சிங்களை ஒண்ணு கேக்கலாமா சார்? அந்தப் பலகை மரமா, தகரமா?"

"தகரம்" என்றார் முதல் சாட்சி. "மரம்" என்றார் இரண்டாமவர். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கட்டைவிரல் பையிலிருந்து எட்டாம் எண் பலகையை எடுத்து மேசைமேல் போட்டார். சிவப்புத் தோல். "திங்கக்கிழமையிலிருந்து என் இழுப்பறையில இருக்கு. பியூன் தினமும் மை எடுக்கறப்ப பாத்திருக்காரு." வாசலில் நின்ற பியூன் தலையை ஆட்டினார்.

"பதிவேட்டுல இல்லையே" என்றார் மேலதிகாரி.

"இல்ல சார். எழுதாதது என் தப்பு. நான் எழுதலைங்கறதுக்காகப் பலகை எழுந்து ரோட்டுக்குப் போயிடாது."

"உம்மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுங்க. அதுக்கு முன்னால அந்தம்மாவை யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அடிபட்டவளைத் தவிர எல்லாரிடமும் கேட்டிருந்தார்கள்.

"நான் நம்பரைப் பாக்கலைங்க" என்றார் பால்காரம்மா. "எல்லாரும் எட்டுன்னாங்க. எப்பவும் எட்டுதானே, இதுவும் எட்டாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ஆனா வண்டி பச்சை. என் கேன் நசுங்கினது அதோட முன் மட்கார்டுல."

எட்டின் வண்டி கறுப்பு. முதலாளி மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

கட்டைவிரல் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வெளியே மரநிழலில் முதலாளியின் ஒன்றாம் எண் வண்டி நின்றது, ஊரில் இருந்த ஒரே பச்சை வண்டி. அவர் முதல்முறையாக ஒரு வண்டியின் முன்பக்கம் போய்க் குனிந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு இடது மட்கார்டில் அழுத்தித் தேய்த்தார். பழைய பூச்சு அசையவில்லை. இன்னும் ஒரு சாண் தள்ளித் தேய்த்தார். விரல் பச்சையாயிற்று, அடியில் தகரம் குழிந்திருந்தது.

உள்ளே வந்து பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார். ஒன்றாம் எண்ணுக்கு நேரே, குறிப்பு என்று போட்ட கட்டத்தில் விரலை அப்படியே வைத்து அழுத்தினார்.

"என்னய்யா பண்ற?"

"பதிவு பண்றேன் சார்."

எட்டின் லைசென்ஸ் அன்று ரத்தாகவில்லை. கட்டைவிரலை அடுத்த வாரமே பழைய காகிதங்கள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஒன்றாம் எண் வண்டியின் புதுப்பூச்சு காய்ந்துவிட்டது. முதலாளியை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பச்சை ரேகையை என்ன செய்வதென்று மேலதிகாரிக்குக் கடைசிவரை தெரியவில்லை. பக்கத்தைக் கிழித்தால் பதிவேடு இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கும்.