பனங்குற்றி போட்ட மதகு

எங்கள் ஒழுங்கையின் மதகு உடைந்த பிறகு, மாரி தொடங்கினால் என் மனைவி வீட்டைவிட்டு வெளிக்கிடுவதில்லை. அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் போனது. யாழ்ப்பாணத்தில் செய்துதந்த பொய்க்கால் போட்டுத்தான் நடக்கிறாள். காய்ந்த நிலத்தில் அவள் நடந்தால் புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வராது. ஆனால் சேற்றில் அந்தக் கால் எவ்வளவு புதைகிறது என்று அவளுக்குத் தெரியாது. புதைந்து, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்த பிறகுதான் தெரியும்.

முள்ளியவளையிலிருந்து உள்ளே பிரிந்து வருகிற, கிரவல் மண் போட்ட சின்னப் பாதைதான் எங்கள் ஒழுங்கை. குளத்து வாய்க்கால் ஒன்று அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடுகளும் வயல்களும். அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில், பஸ் ஏறுகிற பெரிய றோட்டு, கடை, ஆஸ்பத்திரி எல்லாம். வாய்க்காலுக்கு மேலே சின்னப் பாலமாய் இருந்த மதகு ஒரு பெருமழையில் உடைந்து விழுந்தது. கோடையில் வாய்க்காலுக்குள் இறங்கி ஏறலாம். அதற்கும் அவளுக்கு என் கை வேண்டும். மாரியில் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். ஆண்கள் சைக்கிளைத் தோளில் வைத்துக் கடப்போம். அம்புலன்ஸ் வந்தால் அந்தக் கரையில் நிற்கும். நோயாளியை நாங்கள்தான் கதிரையில் வைத்துத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

அவள் வருடம் தவறாமல் விநாயக விரதம் பிடித்தவள். கார்த்திகைப் பூரணை கழிந்தால் ஐயர் கோயிலில் வைத்துக் கையில் நூல் காப்புக் கட்டிவிடுவார். விரதம் முடியும்வரை ஒருநேரச் சாப்பாடு, நாள்தோறும் பூசை. யுத்தம் முடிந்து முகாமில் இருந்த வருடத்திலும் மரத்தடியில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, அங்கிருந்த ஒரு கிழவர் கையால் காப்புக் கட்டினவள். மதகு உடைந்துதான் அது நின்றது. உடைந்த வருடம் நான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கடந்தேன். கோயில் வாசலில் இறக்கியபோது சனம் விலகி வழிவிட்டது. வீட்டுக்கு வந்து ஈரச்சீலையைப் பிழிந்துகொண்டு சொன்னாள்:

"கோயிலிலை தோளிலை தூக்கிறது சாமியை. என்னை இனித் தூக்காதேங்கோ."

அதன்பிறகு அவள் விரதத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் தூக்குவதாகச் சொல்லவில்லை.

மதகுக்காக நாங்கள் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு பெண்தான் தலைவி. வீட்டில் தையல் தைக்கிறவா. வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் அவாவைத் தெரிவு செய்தோம். பிரதேச சபைக்குப் போனால் இந்த ஒழுங்கை தங்கள் றோட்டுகளுக்குள் இல்லை என்றார்கள். தண்ணீருக்குப் பொறுப்பான இடத்துக்குப் போனால், வாய்க்கால் தங்களுடையதுதான், மேலே போகிற பாதை தங்களுடையதல்ல என்றார்கள்.

"அப்ப கீழ போற தண்ணிக்கு ஆள் இருக்கு, மேல போற சனத்துக்கு ஆள் இல்லை" என்றா தலைவி. "நாங்களும் வாய்க்காலுக்குள்ளாலை நீந்திக்கொண்டு போனால் உங்கடை பொறுப்பிலை வருவமோ சேர்?"

அந்த அதிகாரி சிரித்துவிட்டார். சிரிப்போடு அனுப்பியும் விட்டார்.

பிறகு எப்படியோ சபை எங்கள் ஒழுங்கையைத் தன் றோட்டுகளோடு சேர்த்துக்கொண்டது. அந்த வருடம் கிராமத்து வேலைகளுக்கு அரசாங்கக் காசு வருவதாகக் கிராம சேவகர் வந்து கூட்டம் வைத்துச் சொன்னார். சங்கம் பதிவாக இருக்க வேண்டும். காணி பொதுவாக இருக்க வேண்டும். சனத்தின் உழைப்பும் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வாகனம் போகமுடியாமல் பாதை துண்டுபட்டுக் கிடக்கிற இடங்களுக்குத்தான் முதலிடம்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களைப்போலத் துண்டுபட்டுக் கிடக்கிற சனம் எங்கள் பிரதேசத்தில் வேறு இல்லை. "எங்களுக்குத் தகுதி இருக்கு" என்றா தலைவி. ஏதோ ஒன்றுக்கு நாங்கள் தகுதியானவர்கள் என்று கேட்க நல்லாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "கார்த்திகைக்கு முதல் கட்டி முடிச்சுப்போடுவினமோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஆவணியில், இடத்தைப் பார்க்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வருகிறார் என்று செய்தி வந்தது. உடனே சங்கம் கூடியது. மதகைப் பற்றிய கதை ஓரமாய்ப் போய், வருகிறவரின் கதையே பெரிதானது.

"ஜீப்பை எங்கை விடுறது? அங்கால் கரையிலை விட்டுட்டு அந்த மனிசனை வாய்க்கால் சேத்துக்குள்ளாலை நடத்திக் கூட்டிக்கொண்டு வாறதே?"

"முதல்முதலா எங்கடை பக்கம் வாற அதிகாரி."

"சப்பாத்தோடை வருவார். கழட்டுங்கோ எண்டு ஆர் சொல்லுறது?"

அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வேறு மாதிரி யோசனை வரவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் முற்றத்தைக் கூட்டுவதைப்போல, ஊருக்கு ஆள் வந்தால் வழியைத் திருத்துவது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஜீப் வர வாய்க்காலுக்குக் குறுக்கே பனங்குற்றி போடுவதென்று முடிவானது.

என் பக்கத்து வீட்டுக்காரரின் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர். மகன் இங்கேயே பிறந்து வளர்ந்து வயல் செய்கிறார். பேச்சு மட்டும் இன்னும் தகப்பன் பேச்சு. அவருடைய காணியில் காற்றுக்கு விழுந்த பனைகள் கிடந்தன. "குத்தி நான் தர்றேங்க, உரப்பை நீங்க கொண்டாங்க" என்றார்.

ஊரே சேர்ந்து செய்த அந்தச் சிரமதானத்தை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. குற்றிகளை எப்படி நெருக்கி அடுக்குவது, இடைவெளிக்கு எதைத் திணிப்பது, மண் மூட்டையின் வாயை எந்தப் பக்கம் மடித்து வைப்பது, அதன்மேல் எவ்வளவு மண் போட்டால் அசையாது, எல்லாம் எங்கள் கைகளுக்குத் தெரிந்திருந்தது. இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு ஊரிலும் செல்லுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டி மூடின கைகள். பங்கருக்குள் இருந்து மேலே பார்த்துக் கும்பிட்ட கூரையைத்தான் அன்று வாய்க்காலுக்கு மேலே போட்டோம். அதன்மேல் கிரவல் பரவி, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்கினோம்.

"செல்லு விழுந்தாலும் தாங்கும்ங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ஆபீசர் வண்டி என்னா பெருசு?"

எல்லோரும் சிரித்தோம்.

உத்தியோகத்தர் வந்த அன்று மதகடியில் நிறைகுடம் வைத்தோம். கோலம் என் மனைவி போட்டாள். இரண்டு பக்கமும் வாழை, மேலே மாவிலைத் தோரணம். ஜீப் ஒரு குலுக்கலும் இல்லாமல் ஏறி இறங்கியது. இளம் பொடியன், மரியாதையான பிள்ளை. வடை, வாழைப்பழம், தேத்தண்ணி கொடுத்தோம். பிறகு நடந்து வந்து மதகின் மேல் நின்று காலால் மிதித்துப் பார்த்தார். குனிந்து கீழேயும் பார்த்தார். படம் எடுத்தார்.

"ஆர் போட்டது?"

"நாங்கள்தான் சேர்."

"நல்லாப் போட்டிருக்கிறியள்."

எங்களுக்குப் பெருமையாக இருந்தது. தலைவி மட்டும், "மழைக்கு நிக்காது சேர், ரெண்டு வெள்ளம் வந்தாச் சரி" என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனா. அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். இன்னொரு வடை எடுக்கச் சொன்னோம், எடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகள் எங்கள் வீட்டில் நல்ல கிழமைகள். மழை இல்லை. வெள்ளிக்கிழமை விடிய அவள் குளித்து, குடையை ஊன்றிக்கொண்டு தனியே கோயிலுக்குப் போய் வந்தாள். என் கை வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் திரும்பி வந்து படலையைச் சாத்திக்கொண்டு, "இந்த வருசம் காப்புக் கட்டலாம் போல கிடக்கு" என்றாள். நான் பிள்ளையாரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

புரட்டாதியில் தெரிவான வேலைகளின் விபரத்தைப் பிரதேச செயலகத்தில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் மதகு அதில் இல்லை. தலைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் போய்க் கேட்டோம். மேசையில் இருந்த பெண்பிள்ளை கணினியைத் திருப்பி எங்களுக்குப் படத்தைக் காட்டினா. வாழையும் தோரணமுமாய் எங்கள் மதகு, கலியாண வீடு மாதிரி நின்றது.

"வாகனம் போகக்கூடியதாய்த்தானே ஐயா இருக்கு. இது துண்டுபட்ட பாதைக்குள்ளை வராது."

"அது அவர் வாறதுக்கெண்டு போட்டது பிள்ளை. மழையிலை ஒருக்கா வந்து பாருங்கோ."

"மழைக்குள்ளை உங்கடை பக்கம் வாகனம் வராதே ஐயா."

"அதைத்தானே பிள்ளை நாங்களும் சொல்லுறம்."

அவா பக்கத்து மேசைகளை ஒருக்காப் பார்த்தா. பிறகு மெல்லச் சொன்னா: "வருசம் முடிய முதல் வேலை முடிக்கவேணும். இல்லாட்டிக் காசு திரும்பிப் போயிடும். இன்னொருக்காப் பாக்கச் சொல்லி நான் கேட்டுப்பாக்கிறன். ஆனா இப்ப இருக்கிற மாதிரியே இருந்தா, அதே படம்தான் வரும்." சொல்லிவிட்டு எங்களைப் பார்க்காமல் கணினியைத் திருப்பி வைத்துக்கொண்டா.

அவா சொன்னது எங்களுக்குப் பஸ்ஸில்தான் விளங்கியது.

"உடைச்சுப்போட்டு வையுங்கோ எண்டு சொல்லுறா" என்றா தலைவி.

"நம்ம போட்டத நம்மளே புடுங்கணும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "அப்பத்தான் நம்மகிட்ட ஒண்ணும் இல்லேன்னு நம்புவாங்க."

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை விடிய மண்வெட்டியும் குத்திப் பெயர்க்க அலவாங்கும் கொண்டு போனோம். நான் மனைவிக்குச் சொல்லவில்லை. கிரவலை வழிக்கத் தொடங்க, அந்தப் பக்கத்திலிருந்து அவள் வந்தாள். கோயிலுக்குப் போய்த் திரும்புகிறாள். நெற்றியில் திருநீறு, கையில் வாழையிலையில் பிரசாதம்.

"திருத்திறியளோ?" என்று கேட்டாள்.

தலைவிதான் எல்லாவற்றையும் சொன்னா. அவள் நின்று கேட்டாள்.

"அப்ப வெட்டுங்கோ. ஊருக்கு மதகு வாறதெண்டால் வெட்டத்தானே வேணும். நான் கோயிலுக்குப் போட்டு வந்திட்டன்தானே."

சொல்லிவிட்டு எங்கள் நடுவாலே மதகைக் கடந்து வீட்டுப் பக்கம் போனாள். நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவள் ஒழுங்கை வளைவில் மறையும்வரை ஒருவரும் மண்வெட்டியைத் தூக்கவில்லை. மறைந்த பிறகும் தூக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அலவாங்கை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு ஏலாதுங்க. நீங்க குத்துங்க அண்ணே."

வாங்கினேன். மூட்டையில் ஊன்றினேன். அதற்குமேல் கை போகவில்லை. தலைவி ஒவ்வொருவர் முகமாய்ப் பார்த்தா.

"சரி, விடுங்கோ. எல்லாரும் நல்ல மனிசர். நல்ல மனிசருக்கு ஆர் மதகு கட்டினது?"

கோபம்தான். அவாவின் கோபமும் சரிதான். பாதி வழித்த கிரவலைத் திரும்பப் பரவிவிட்டு வந்தோம்.

அந்தப் பெண்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றினா. உத்தியோகத்தர் திரும்ப வந்தார், இந்தமுறை மோட்டார் சைக்கிளில், சொல்லாமல். மதகைக் கடந்து வந்துதான் எங்களோடு கதைத்தார். "ஐயா, இருக்கிறதைத்தானே நான் எழுதலாம்" என்றார். அவர் முகத்தில் கவலை இருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கார்த்திகையில், பூரணைக்கு முதல், மழை விடாமல் பெய்தது. குளம் நிரம்பி வாய்க்கால் பெருகியது. முதலில் மூட்டைகள் போயின. பிறகு குற்றிகள் ஒவ்வொன்றாய்க் கழன்று வெள்ளத்தில் மிதந்து யாரோ ஒருவருடைய வயலில் போய்க் கிடந்தன. நாங்கள் வெட்டமுடியாமல் விட்டதை மழை வெட்டியது. தலைவி தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு செயலகத்தில் போய்க் காட்டினா. காசு எல்லாம் வேலைகளுக்குப் பிரிச்சாச்சு, இனி அடுத்த வருசம்தான் என்று அந்தப் பிள்ளை சொன்னதாம். அடுத்த வருசம் என்ன விதி வரும் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாதாம்.

விரதம் தொடங்குகிற அன்று நான் இடுப்பளவு தண்ணீரில் கடந்து கோயிலுக்குப் போனேன். ஐயர் என் கையில் காப்புக் கட்டினார். "வீட்டுக்காரி?" என்று கேட்டார். தண்ணீர் என்றேன். பிள்ளையாருக்கு முன்னால் நின்றபோது எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. மழை வேண்டாம் என்று கேட்க முடியாது. எல்லோர் வயலும் விதைத்துக் கிடக்கிறது, என் வயலும்தான். மதகு வேண்டும் என்று எத்தனையோ தரம் கேட்டாயிற்று. கையைக் கூப்பிக்கொண்டு சும்மா நின்றேன்.

திரும்பி வந்தபோது அவள் படலையடியில் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். மணிச்சத்தம் அதுவரைக்கும் கேட்கும். திருநீற்றை வாங்கிப் பூசினாள். என் கையைப் பிடித்துக் காப்பு நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ன கேட்டனீங்கள்?"

"ஒண்டும் கேக்கேல்லை."

"நல்லது. கேட்டால் பிள்ளையாரும் வந்து பாத்துப் படம் எடுப்பார்."

நான் சிரிப்பேன் என்று பார்த்திருப்பாள் போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை திரும்பவும் தூறத் தொடங்கியது. அவள் எழும்பி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு கையால் கதிரையைத் தூக்கிக்கொண்டு, முற்றத்துச் சேற்றில் அவளுடைய இடது காலைப் பார்த்துப் பார்த்து, மெல்ல மெல்ல வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.