பின்வாசல் குழி

மாத்தளைச் சந்தைக்கு எதிரே இருந்த பழைய கடை வரிசையை இடித்தது எழுபதுகளின் தொடக்கத்தில், ஐப்பசி மழை பிடித்த பிறகு. புதுக் கட்டடத்துக்கு அத்திவாரம் போடுமுன் நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க, கொழும்பிலிருந்து தமிழ் தெரிந்த தொல்பொருள் அதிகாரி ஒருவர் வந்தார். எந்தக் கடை எப்போது எழுந்தது என்று கேட்க, அந்த வரிசையில் நெடுநாள் கடை வைத்திருந்த என்னைக் கூட வைத்துக்கொண்டார்.

கடைகளின் பின்புறத்தில், கண்டி அரசர் காலத்தது என்று அவர் கணித்த மஞ்சள் மண்தரை, உடைந்த சட்டி ஓடுகளோடு வெளிப்பட்டது.

"ராசா வூட்டுத் தங்கம் கெடைச்சா எனக்கு ஒரு பல்லு கட்டித் தாங்கய்யா" என்றார் பலாபத்வலையிலிருந்து வந்த கூலியாள். எல்லோரும் சிரித்தோம்.

சிரிக்காமல் நின்றவர், கடைப் பின்னறையில் குடியிருந்த பெண். அவருடைய தலைப்பிள்ளை பல் முளைக்குமுன் இறந்துபோனது. அந்த வயதுப் பிள்ளையை எங்களவர்கள் மயானத்துக்குக் கொண்டுபோவதில்லை. பின்வாசலில் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் புதைத்திருந்தார்கள். கொங்கிறீட் விழுமுன் எலும்பை எடுத்து மயானத்தில் கணவரின் குழியருகே சேர்க்க வேண்டும் என்று கேட்டார்.

அவர் காட்டிய இடத்தை அதிகாரி தாமே கரண்டியால் சுரண்டினார். மஞ்சள் தரை நடுவே கருமண் வட்டம் ஒன்று தெரிந்தது. ஒருமுறை வெட்டிய மண் பழைய நிறத்துக்குத் திரும்புவதில்லை. வட்டத்துக்குள் கையளவு ஆழத்தில் குழந்தையின் கையில் கண்ணேறுக்குக் கட்டும் கறுப்புப் பாசிமணிகள் சில கிடைத்தன. எலும்பு இல்லை. ஈர மண் பிஞ்சு எலும்பைத் தின்றுவிடும் என்றேன்.

"சட்டி ஓடெல்லாம் அப்படியே கெடக்கு. எம் புள்ள மட்டும் இல்லியாண்ணே?"

அதிகாரி அந்தக் கருமண்ணைப் பால்மா டின் ஒன்றில் நிரப்பி, மணிகளை மேலே வைத்து நீட்டினார். அந்தப் பெண் வாங்கிப் பார்த்தார், குழியையும் பார்த்தார்.

"இதுல வந்தது எவ்வளவு, அங்க கெடக்குறது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? பாதி இங்க, பாதி அங்கன்னு என்னால பிரிக்க முடியாதுங்க."

டின்னைக் குழிக்குள்ளேயே கவிழ்த்தார். கையால் மண்ணை அமுக்கினார்.

அதிகாரி தம் வரைபடத்தில் அந்த வட்டத்தைக் குறித்துவிட்டு, பிள்ளையைப் புதைத்தது எந்த ஆண்டு என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

"சொதந்திரம் கெடைச்ச வருசம்ண்ணே. மாசம் ஞாபகமில்ல."

அதிகாரி வட்டத்துக்குள் ஆண்டை மட்டும் எழுதினார். மறுவாரம் கொங்கிறீட் போட்டார்கள்.