வேப்பிலை கட்டிய ஜீப்

எண்பத்தேழாம் வருடம், புரட்டாசி பிறந்த வாரம். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. எனக்கு வெள்ளிமலையில் வேலை. மனைவிக்கு ஐப்பசியில்தான் பிரசவம் என்று நாள் குறித்து வைத்திருந்தேன். அன்று காலையே வலி கண்டுவிட்டது. கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை. மலை இறங்கினால் வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள்.

வாடகைக்குப் பிடித்த ஜீப்பை ஓட்டுகிறவர் வண்டியை எடுக்கும் முன் வேப்பங்கொத்து ஒடித்து வந்தார். "முன்னால கட்டிக்கினா அம்மை வண்டின்னு வுட்டுருவாங்க சார்."

பழம்பாடல்களில் பூவும் தழையும் வாய்க்கு முன்னால் பேசிவிடும். ஆநிரை கவர்கிறவன் வெட்சி சூடுவான். மதிலைக் காப்பவன் நொச்சி. தும்பையைக் கண்டால் போர். வேப்பம்பூ ஓர் அரச குலத்தின் மாலை. இதையெல்லாம் தேதி போட்டுக் குறித்து ரசித்தவன் நான். எந்தப் பாட்டிலும் ஒருவன் பொய்யாகச் சூடியதாக நினைவில்லை.

மனைவி என் கையைப் பிடித்தாள். "வராத ஆத்தாள வந்துட்டான்னு சொல்றதா? வவுத்துல புள்ளய வச்சிக்கினு?"

கொத்தை வாங்கி வண்டியின் முன்னால் கட்டினேன்.

அடிவாரம் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. கம்போடு ஓடிவந்தவர்கள் வேப்பிலையைக் கண்டதும் நின்றார்கள்.

"யாருக்கு?"

"அக்காவுக்குங்க. முத்து ஜாஸ்தி" என்றார் ஓட்டுநர்.

ஒருவர் செருப்பைக் கழற்றினார். "உத்துப் பாக்காதடா, நவுரு" என்று இன்னொருவர் பக்கத்தில் நின்றவனை இழுத்தார். கிளைகளை ஒதுக்கி வழி விட்டார்கள். மனைவி வலியில் முனகினாள். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா வண்டியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டித் தடுத்தார். "அம்மை போட்டவங்கள பிரசவ வார்டுல வுட முடியாது. உள்ள பச்ச ஒடம்புக்காரிங்க இருக்காங்க."

"அம்மை இல்லைங்க. மறியல்ல வுடணுமேன்னு கட்டினது" என்றேன்.

"இன்னா சார், இதுல போயி பொய் சொல்வாங்களா?"

அவர் என் மனைவியின் கழுத்தையும் கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு முத்தாவது கிளம்பியிருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இல்லை. உள்ளே அழைத்துப் போனார்கள்.

பெண் பிறந்தாள். கொத்தை அவிழ்த்த ஓட்டுநர் அதைக் கீழே போடவில்லை. "நீங்களே வச்சிக்கங்க சார்" என்று என்னிடம் நீட்டினார்.

மகள் வளர்ந்த காலத்தில், பங்குனி வெயிலில் அவளுக்கு உடம்பு சுட்டால் மனைவி மருந்தைத் தேடுவதற்கு முன் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்ப்பாள். நான் விளக்கைப் பிடிப்பேன்.